உட்கார ஓரிடம்

கள்ளுக்கடைக்கு நான் முதன்முதலில் போனது அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து. 1986ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். எனக்கு ஏழு வயது. அரியலூருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளத்தில் அப்பாவுக்கு வேலை. சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும், பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து அழைத்துப் போவார். பனையோலைக் கொட்டகை. மண்பானைகள். புளித்த வாசனை. வாசலில் அவித்த மொச்சையும் முட்டையும் விற்கும் ஒரு ஆயா. எனக்கு ஒரு கை மொச்சை காசில்லாமல் கிடைக்கும். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் அப்பாவோடு கல் வெட்டுகிறவர்கள். என்னைப் பாடச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் கற்றுத்தந்ததைப் பாடுவேன். ஒருவர் நாலணா தருவார்.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் குழந்தைப் பருவத்தில் அப்பாவோடு நான் சிரித்துப் பேசிய பொழுதுகள் பெரும்பாலும் அந்தக் கொட்டகையில்தான். வீட்டில் அவர் அவ்வளவு பேசுகிறவர் அல்லர்.

சாராயக்கடைக்குப் போன நினைவு வேறு மாதிரி. அங்கே அப்பா என்னை அழைத்துப் போகவில்லை, அம்மா அனுப்பினார். இருட்டிய பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். கடைக்கு முப்பது அடி தள்ளி ஒரு புளியமரம். அங்கேயே நின்றுவிடுவார். “உங்கப்பா உள்ளதான் இருக்கும், போய்க் கூட்டியா பாப்பா” என்பார். “நீயும் வாம்மா” என்றால், “பொம்பள போய் அந்த வாசல்ல நின்னா ஊரு என்ன பேசும்?” என்பார். நான் போவேன். கால்களுக்கிடையே நுழைந்து அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுப்பேன். சில நாள் வருவார். சில நாள் அடி விழும். ஒருநாள் இரண்டு பேர் பாட்டிலை உடைத்துக்கொண்டு சண்டையிட்டதில் ஒரு கண்ணாடிச் சில் என் காலில் ஏறியது. தழும்பு இன்னும் இருக்கிறது.

1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து கள்ளும் சாராயமும் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டன. கொட்டகை பிரிக்கப்பட்டது. குடி நிற்கவில்லை, இடம் மாறியது. ஆனால் இந்தக் கட்டுரைக்கு எனக்கு வேண்டியது வேறொரு கேள்வி. ஏழு வயதுச் சிறுமி நுழைய முடிந்த இடத்தில் அவளுடைய தாய் ஏன் நுழைய முடியவில்லை?

போன ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி இங்கிலாந்திலிருந்து தொலைபேசியில் பேசினாள். பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். அங்கே செவிலியராக இருக்கிறாள். கைக்குழந்தை உண்டு. பேச்சுவாக்கில், “நான் அடிக்கடி பப்புக்குப் போறேன் மேடம், எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க” என்றாள். குடிப்பதற்கு அல்ல. ஒரே பெயரில் ஊருக்கு ஊர் இருக்கும் கடைகளில் ஒன்று அது. எந்த ஊரில் நுழைந்தாலும் அதே உணவுப் பட்டியல், ஏறக்குறைய அதே விலை. ஒரு காப்பி வாங்கினால் இரண்டு மணி நேரம் உட்காரலாம். தள்ளுவண்டியை நிறுத்த இடம் உண்டு. குழந்தைக்கு உயர நாற்காலி உண்டு. “நாங்க இருக்கிறது ஒத்த ரூம் மேடம். எனக்கு அதுதான் ஹாலு” என்றாள்.

குறைகளையும் அவளே சொன்னாள். சாயங்காலம் ஆனால் இரைச்சல். சூடான தட்டுகளோடு பணியாளர்கள் நடக்கும் இடத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். குழந்தை அழுதால் பக்கத்து மேசை திரும்பி முறைக்கிறது. முறைப்பு தாயைப் பார்த்துத்தான், தகப்பனைப் பார்த்து அல்ல. ஒருநாள் ஒரு தகப்பன் மூன்றாவது கோப்பையில் இருந்தார். ஆறேழு வயதுப் பையன் மேசைக்கு அடியில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான். “அவன் மூஞ்சியப் பாத்ததும் எந்திரிச்சு வந்துட்டேன்” என்றாள். அந்த மேசைக்கு அடியில் எனக்கு என் புளியமரம் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த நாட்டு மதுக்கடைகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ‘பப்’ என்பது ‘பொது வீடு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். அந்தப் பொதுவுக்குள் யார் யார் அடங்குவார்கள் என்பதில்தான் சண்டை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் குடத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் பீர் வாங்கி வருவது வழக்கம். 1901இல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் மூடி முத்திரையிட்ட பாத்திரத்தில் அல்லாமல் மது தரக்கூடாது. 1908ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் இன்னும் ஒரு படி போனது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் மதுக்கூடத்துக்குள் இருக்கவே கூடாது என்றது.

நல்ல சட்டம்தான். சாராயக்கடையில் காலில் கண்ணாடி ஏறிய நான் அதை எதிர்க்க முடியாது. ஆனால் அது வீட்டுக்குள் என்ன செய்தது என்று பாருங்கள். குழந்தையைத் தடுத்தபோது தகப்பனுக்கு எதுவும் மாறவில்லை. குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு அவன் வழக்கம்போலப் போனான். இடுப்பில் குழந்தையோடு இருந்தவள்தான் வெளியே நின்றாள். குழந்தைக்கு இடமில்லை என்று எழுதிய பலகை எங்கே தொங்கினாலும், அதைப் பெண்ணுக்கு இடமில்லை என்றும் சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது. குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு உலகம் ஒரே விடையை வைத்திருக்கும்வரை இது மாறாது.

குழந்தை இல்லாமல் தனியாகப் போன பெண்ணுக்கும் வரவேற்பு இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பொது மதுக்கூடத்தில் பெண்களுக்கு மது தருவதைச் சட்டமே தடுத்திருந்தது. 1965இல் பிரிஸ்பேன் நகரின் ரெகாட்டா ஹோட்டலில் மெர்ல் தார்ன்டன், ரோசலி போக்னர் என்ற இரு பெண்கள் மதுக்கூடத்தின் கீழ்க்கம்பியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். லண்டனில் பத்திரிகையாளர்கள் கூடும் எல் வினோ என்ற கடையில், ஆண்கள் முன்னால் நின்று குடிக்கலாம். பெண்கள் பின்னறையில் மேசையில் உட்கார்ந்தால்தான் மது வரும். டெஸ் கில் என்ற வழக்கறிஞரும் அன்னா கூட் என்ற பத்திரிகையாளரும் வழக்குத் தொடர்ந்து 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். ‘உங்களை மரியாதையாக உட்காரத்தானே சொல்கிறோம்’ என்பது எந்த ஊரிலும் கேட்கக்கூடிய பேச்சுதான். அந்த மரியாதை பின்னறையில் மட்டும் கிடைக்கிறது என்பதை நீதிமன்றம் கவனித்தது.

பழைய கடைகள் இப்படித் தெரிந்த முகங்களுக்கும் ஆண்களுக்குமான இடமாக இருந்த நாட்டில்தான் சங்கிலிக் கடைகள் பெருகின. 1979இல் லண்டனில் ஒரே கடையாகத் தொடங்கிய வெதர்ஸ்பூன் இன்று நூற்றுக்கணக்கான கிளைகளோடு இருக்கிறது. மலிவு விலையும் சாப்பாடும் அதன் பலம். சங்கிலிக் கடையில் யாரும் யாருக்கும் தெரிந்தவர் இல்லை. அதை ஒரு குறையாகச் சொல்வார்கள். கடைக்காரருக்கு உங்கள் பெயர் தெரியாது, கடைக்கு முகமில்லை, சொந்த ஊர்க்காரர் நடத்திய சிறு கடை போட்டியில் நசிந்துபோகிறது. எல்லாம் உண்மை. ஆனால் பெயர் தெரிந்த கடையில் நுழைய முடியாத பெண்ணுக்கு, பெயர் தெரியாத கடை ஒரு விடுதலை.

நம் ஊருக்கு வருகிறேன். நம்மிடமும் ஒரு சங்கிலிக் கடை உண்டு, உலகின் பெரிய சங்கிலிகளுக்கு இணையாக. நடத்துவது அரசு.

பெண்ணுக்கும் மதுவுக்கும் இங்கே எப்போதும் பகை இருந்ததில்லை. அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதைப் புறநானூற்றில் ஔவையார் துக்கத்தோடு நினைவுகூர்கிறார். வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தும்போது மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அரசனோடு சமமாக உட்கார்ந்து குடித்த பெண் கவி, பிற்காலத்தில் அறநெறி சொல்லும் கிழவியாக மட்டும் எப்படி எஞ்சினாள் என்று கேட்பேன். சிரிப்பு நிற்கும்.

இருபதாம் நூற்றாண்டில் மதுக்கடை வரலாற்றில் பெண் தோன்றுவது வாசலில். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு நாகம்மையாரும் கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948இல் அது மாகாணம் முழுவதுக்கும் ஆனது. 1971இல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது, சில ஆண்டுகளில் மறுபடி மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மீண்டும் திறந்தது. என் அப்பாவின் சைக்கிள் அந்தக் காலத்துச் சைக்கிள். 1983இல் டாஸ்மாக் என்ற அரசு நிறுவனம் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் நாலாயிரத்து எண்ணூறுக்கு மேல் கடைகள் இருந்தன. 2023–24இல் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இந்தச் சங்கிலியின் கவர்ச்சி என்ன? சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டேன். என் சித்தப்பா மகன்தான். “எந்த ஊருக்கு லோடு ஏத்திப் போனாலும் அதே போர்டு இருக்குக்கா. கலப்படம் இருக்காதுன்னு ஒரு நம்பிக்கை. பாருல போயி உக்காந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டான்.” கொஞ்சம் மாற்றினால் இது இங்கிலாந்து மாணவியின் பேச்சு. தெரிந்த பெயர், தெரிந்த விலை, கேள்வி கேட்காத நாற்காலி. மனிதர்களுக்கு வேண்டியது அதுதான். ஆனால் என் தம்பிக்குக் கிடைக்கும் அந்த நாற்காலி அவன் மனைவிக்கு இல்லை. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. பெண்ணுக்கு விற்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லாமல் போனது.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை அகற்ற உத்தரவிட்டது. 2017இல் கடைகள் குடியிருப்புகளுக்குள் இடம் தேடின. மாநிலம் முழுவதும் பெண்கள் குழந்தைகளோடு சாலையில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண் ஒருவரைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதுக்கடைக்கு வரும் பெண்ணை நம் அரசு அறிந்தது இந்த ஒரு விதத்தில்தான்.

இன்னொரு விதமும் உண்டு. காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் என்ற திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. அதே ஆண்டு பெரம்பலூருக்கும் வந்தது. வயல் வரப்பில் உடைந்து கிடக்கும் பாட்டில் காலைக் கிழிக்கும் ஊரில் அது வரவேற்க வேண்டிய திட்டம். காலையில் கல்லூரிக்குப் போகும் வழியில், கடைக்குப் பின்னால் சாக்கோடு குனிந்து பாட்டில் பொறுக்கும் பெண்களைப் பார்க்கிறேன். ஒருத்தியோடு சீருடை போட்ட சிறுமியும் இருந்தாள். தாயும் மகளும் அந்தக் கடைக்கு வந்து போக ஒரு நேரம் கிடைத்திருக்கிறது, கடை திறப்பதற்கு முன்னால்.

அப்படியானால் பெண்களும் பாரில் உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்கிறாயா என்று கேட்பார்கள். 2009 ஜனவரியில் மங்களூரில் ஒரு பப்புக்குள் புகுந்து பெண்களை அடித்தபோது, அடித்தவர்கள் பக்கம் பேசியவர்களும் இதையேதான் கேட்டார்கள். நான் குடிப்பதில்லை. என் வீட்டில் குடி என்ன செய்தது என்பது என் காலில் எழுதியிருக்கிறது. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, அது பக்கத்து மாவட்டத்துச் செய்தியாக எனக்குப் படவில்லை. ஆனாலும் அந்தப் பெண்களை அடித்ததற்குக் காரணம் மது என்று நான் நம்பவில்லை. வீட்டுக்கு வெளியே, யாருக்கும் பணிவிடை செய்யாமல், தங்கள் சந்தோஷத்துக்காக அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குற்றம் அதுதான்.

சாப்பாட்டுக் கடைகளின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. யார் யாரோடு உட்காரலாம் என்று சாதி பார்த்த காலம் அது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற உணவகத்தின் முன்னால், பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் இயக்கத்தினர் நாள்கணக்கில் மறியல் செய்தார்கள். பலகை மாறியது. ஆனால் பெண்ணுக்கென்று வந்தது ‘ஃபேமிலி ரூம்’. திரைச்சீலை போட்ட பின்னறை. கணவனோ பிள்ளையோ கூட இருந்தால் அங்கே போகலாம். தனியாகப் போனால் சர்வர் பின்னால் எட்டிப் பார்ப்பார், ‘கூட யாரும் வரலையா?’ லண்டனில் வழக்குப் போட்டு ஒழித்த அறைதான். இங்கே அது வசதி என்ற பெயரில் வந்தது. முனைவர் பட்டத்துக்காக அலைந்த நாட்களில் அந்தப் பார்வைக்குப் பயந்து பேருந்து நிலையத்தில் பன்னும் டீயுமாக நின்றபடி மதியத்தைக் கழித்திருக்கிறேன்.

அந்தப் பின்னறையிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தவை நெடுஞ்சாலைச் சங்கிலி உணவகங்கள். நன்றியோடு சொல்கிறேன். சென்னை–திருச்சி சாலை நான்குவழிச் சாலையான பிறகு பெரம்பலூரை ஒட்டிய பகுதியிலும் வண்டிகள் நிற்கும் பெரிய கடைகள் வந்தன. தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை. சுவரில் விலைப்பட்டியல். குழந்தை நாற்காலி. ஒரு காப்பியோடு விடைத்தாள் கட்டைத் திருத்திக்கொண்டு தனியாக உட்காரலாம். கூட யார் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

ஆனால் அந்தக் காப்பியின் விலையில் என் மாணவியர் இரண்டு நாள் டீ குடிப்பார்கள். 2021இலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டிலிருந்து கிளம்ப முடிகிறது, வந்து இறங்கி உட்கார இடமில்லை. 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால் கையில் பச்சைக்குழந்தை இருக்கும்வரைதான் பெண்ணுக்கு அந்த நாற்காலி. அரசு நடத்திய இன்னொரு சங்கிலியும் உண்டு. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம். ஒரு ரூபாய் இட்லி, சமையலும் பரிமாறலும் சுய உதவிக் குழுப் பெண்கள். பெண்கள் தயங்காமல் நுழைந்த மலிவான பொது உணவகம் என்று அதைத்தான் சொல்வேன். அங்கேயும் உயரமான மேசையில் நின்றுதான் சாப்பிட வேண்டும். மது விற்கும் சங்கிலியோடு பார் இருக்கிறது. இட்லி விற்கும் சங்கிலியில் ஒரு பெஞ்சு இல்லை.

போன மாதம் அம்மாவையும் என் மகளையும் அந்த நெடுஞ்சாலைக் கடைக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அப்பா இறந்து பன்னிரண்டு ஆண்டுகள். நாற்காலியில் ஒரு காலை மடக்கி வைத்து உட்கார்ந்தார். மகள் தோசையைப் பிய்த்துப் பாதி கீழே சிந்தினாள். யாரும் முறைக்கவில்லை. அம்மா சுற்றிலும் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார், “சாப்ட்டு முடிச்சதும் எந்திரிச்சிரணுமா?”

“வேணாம்மா. இருக்கலாம்.”

இருந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். அப்பாவின் சைக்கிளைப் பற்றி, அந்த மொச்சை ஆயாவைப் பற்றி, நான் பேசினேன். “ஒனக்காவது மொச்சை கெடச்சுது” என்றார். அவர் சிரித்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மேசை துடைக்க வந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். கடை ஊழியர்களுக்கு உட்காரும் வசதி செய்து தர வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டம் திருத்தின. கேரளத்தில் அதற்காகப் போராடியவர்கள் துணிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்கள். நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, “நீ எப்பம்மா உக்காருவ?” என்று கேட்டார்.

அவள் மேலாளர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“பஸ்சுலதான் ஆயா” என்றாள்.